சேலத்து உருக்கும் அதன் கத்திகளும்

ஆயுதங்களின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் பெரும்பாலும் வாளின் புகழையே பாடியிருக்கிறார்கள். அரசர் இடையில் தொங்கியதும், போர்க்களத்தில் மின்னியதும், பகைவர் கைக்குப் போய்க் காட்சிப் பொருளாய் நின்றதும் வாள்தான் என்பதால், அதன் நிழலில் கத்தி என்னும் சிறு கருவியைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஆனால் தென்னாட்டு உருக்கின் கதையைச் சற்றுப் பொறுமையாகத் தொடர்ந்து செல்கிறவருக்கு, வாளுக்கு மதிப்பற்றுப் போன காலத்தில் அந்த உருக்கின் பெருமையையும் அதை அடித்து உருவாக்கும் கைப்பழக்கத்தையும் காத்து நின்றது கத்திதான் என்பது நன்கு புலனாகும். பழைய வாளைக் கண்முன் வைத்துக்கொண்டு, ஒருவர் கேட்டபடி, ஒரே ஒரு கத்தியைக் கையாலேயே செய்து கொடுக்கும் தொழில் இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெரிய மதிப்போடு நடந்து வருகிறது. அத்தொழிலின் வேர்களில் ஒன்று சேலத்து மண்ணில் இருக்கிறது.

இரும்பை நம்மவர் அறிந்த காலம் மிகத் தொன்மையானது. தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரில் அலெக்ஸாண்டர் ரீ என்பவர் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி நடத்திய அகழ்வில், முதுமக்கள் தாழிகளோடு வாளும் வேலும் கத்தியுமாக ஏராளமான இரும்புப் பொருள்கள் வெளிவந்தன. நொய்யல் ஆற்றின் வடகரையில் உள்ள கொடுமணல், பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று அணிகலன்களுக்காகப் பேசப்படும் ஊர். அங்கே தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985 முதல் அகழ்ந்தபோது, மணிகளைப் பட்டை தீட்டிய பட்டறைகளுக்கு அருகிலேயே இரும்பு உருக்கிய உலைகளும், உலோகம் உருக்கும் மண்கலமாகிய மூசையின் துண்டுகளும் கிடைத்தன. தென்னார்க்காட்டு மேல்சிறுவளூரில் ஷாரதா ஸ்ரீநிவாசன் கண்டெடுத்து 1994இல் எழுதி வெளியிட்ட மூசைச் சில்லுகளும், அவ்விடத்தில் உருக்கு செய்யப்பட்டது என்பதற்குச் சாட்சி கூறின. கடலுக்கு அப்பால் இலங்கையில் சமனலவெவப் பகுதியில், பருவக் காற்று நேரே வந்து மோதும் மேற்குச் சரிவுகளில் உலைகளை அமைத்து, துருத்தியே இல்லாமல் காற்றின் வேகத்தாலேயே இரும்பை உருக்கியிருந்தார்கள் என்பதை ஜில் ஜூலெஃப் அகழ்ந்து கண்டு 1996இல் உலகுக்குத் தெரிவித்தார். அந்த உலைகள் கி.பி. 7ஆம் நூற்றாண்டுக்கும் 11ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை.

இரும்பு வேறு, உருக்கு வேறு. பழைய உலையிலிருந்து எடுக்கும் இரும்பு உண்மையில் திரவமாக உருகுவதே இல்லை. கசடும் கரியும் கலந்த ஒரு கட்டியாகவே அது வெளியே வரும். அதைச் சம்மட்டியால் அடித்து அடித்துக் கசட்டைப் பிழிந்தெடுத்தால் மென்மையான, வளையக்கூடிய இரும்பு கிடைக்கும். அதற்குக் கூர்மை நிற்காது. கூர்மை நிற்க வேண்டுமானால் கரிச்சத்து ஓரளவு அதனுள் ஏற வேண்டும். ஏறுவதோடு, உள்ளும் புறமும் ஒரே சீராகக் கலக்கவும் வேண்டும். இரும்பை மண் மூசையில் இட்டு முழுவதும் உருக்கிவிடுவதே இதற்கு வழி. ஐரோப்பாவில் இந்த வித்தை இங்கிலாந்தின் ஷெபீல்டில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்னும் கடிகாரத் தொழிலாளியின் முயற்சியால் 1740ஆம் ஆண்டை ஒட்டித்தான் கைவந்தது என்பதை நினைத்தால், பெரிய ஆலைகள் எதுவும் இல்லாத கிராமத்து உலைக்களங்களில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அதைச் சாதித்தவர்களின் சாமர்த்தியம் எத்தகையது என்பது விளங்கும்.

அவர்கள் செய்த முறையை, 1800இல் சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர் நாட்டில் யாத்திரை செய்த பிரான்சிஸ் புக்கானனும், பின்னர் சேலத்துத் தொழிலை நேரில் கண்ட ஜோஸையா மார்ஷல் ஹீத்தும் எழுதி வைத்திருக்கிறார்கள். செம்மண்ணோடு நெல் உமியைச் சேர்த்துப் பிசைந்து, அடி கூம்பிய சிறு மூசைகளைச் செய்வார்கள். அடித்துச் சுத்தம் செய்த இரும்பைத் துண்டுகளாக நறுக்கி அதில் இட்டு, அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு உலர்ந்த ஆவாரங்கட்டையைச் சிறு சிறு செதில்களாக வெட்டிச் சேர்த்து, மேலே ஒன்றிரண்டு பச்சை இலைகளை மூடி, வாயைப் பிசைந்த களிமண்ணால் இறுக அடைத்துவிடுவார்கள். ஓரிடத்தில் எருக்கிலை, மற்றோரிடத்தில் ஒரு கொடியின் இலை என்று இலை மட்டும் ஊருக்கு ஊர் மாறும். வேலிகளில் மஞ்சள் மஞ்சளாய்ப் பூத்து நிற்கும் ஆவாரையும், தரிசு நிலத்தில் யாரும் சீந்தாத எருக்கும் இந்த மகத்தான காரியத்துக்குத் துணை நின்றன. கட்டை கரியாகி இரும்புக்குக் கரிச்சத்தைக் கொடுக்க, பச்சை இலையிலிருந்து எழும் வாயு அந்த மாற்றத்தைத் துரிதப்படுத்தியது என்பது ஹீத்தின் அபிப்பிராயம். எந்தச் சாஸ்திர நூலும் கையில் இல்லாமல் இதை இவர்கள் எப்படிக் கண்டார்கள் என்று அவரே வியந்திருக்கிறார்.

இருபது இருபத்துநான்கு மூசைகளை ஓர் உலையில் வளைவாக அடுக்கி, கரியால் மூடி, இரண்டரை மணி நேரம் இடைவிடாமல் துருத்தி ஊதுவார்கள். பின் உலையை ஆறவிட்டு மூசையை உடைத்தால், அடி குவிந்த ஒரு சிறு உருக்குக் கட்டி கிடைக்கும். ஒரு கையில் அடங்கக்கூடிய அந்தக் கட்டியின் மேற்புறத்தைத்தான் தொழில் அறிந்தவர் முதலில் பார்ப்பார். நடுவிலிருந்து விளிம்பை நோக்கி மெல்லிய கோடுகள் கதிர் கதிராக ஓடியிருந்து, குழியோ மேடோ இல்லாமல் முகம் சமமாக இருந்தால் உருகியது பூரணம். தேனடை போலப் பொத்தல் பொத்தலாக இருந்தால் நெருப்புப் போதவில்லை என்று அர்த்தம். நல்ல கட்டியையும் உடனே அடிக்கத் தொடங்கிவிட மாட்டார்கள். கரி நெருப்பில் பல மணி நேரம் வைத்துப் பதப்படுத்திய பிறகே அதன்மேல் சுத்தியல் விழும்.

இந்தக் கட்டிகள்தாம் மேல்நாடுகளுக்கு ஏற்றுமதியாயின. ஒன்பதாம் நூற்றாண்டில் வாள்களைப் பற்றித் தனியே ஒரு நூல் எழுதிய அல் கிந்தி, சரந்தீபம் என்னும் ஈழத்து உருக்கைக் குறிப்பிடுகிறார். பதினேழாம் நூற்றாண்டில் வந்த பிரெஞ்சு யாத்திரிகர் தவர்னியே, கோல்கொண்டாப் பக்கத்து உருக்கு பாரசீகத்துக்குப் போய் அங்கே நீர்வரி ஓடும் வாள்களாக மாறியதைச் சொல்லியிருக்கிறார். டமாஸ்கஸ் வாள் என்று உலகம் முழுவதும் பிரசித்தி பெற்றவற்றில் பெரும் பகுதிக்கு மூலப்பொருள் தென்னாட்டிலிருந்தும் ஈழத்திலிருந்தும் தக்காணத்திலிருந்தும் சென்றதே. வாளை வடித்த ஊரின் பெயர் நிலைத்தது. மூசையை ஊதிய ஊர்களின் பெயர் நிலைக்கவில்லை. இது வருத்தத்துக்குரிய விஷயம்.

பின்னர் வாளின் காலம் முடிந்தது. பாளையக்காரர் போர்கள் 1801இல் முடிந்ததும் கிழக்கிந்தியக் கம்பெனியார் தென்பாண்டிச் சீமையிலும் சிவகங்கையிலும் கோட்டைகளை இடித்து, வாளும் வேலும் வைத்திருக்கலாகாது என்று கட்டளை இட்டனர். 1878இல் ஆயுதச் சட்டம் நாடு முழுவதற்கும் வந்தது. கேட்பவர் இல்லாத பண்டத்தை எந்தக் கொல்லன் எத்தனை நாள் செய்துகொண்டிருப்பான்? தஞ்சை மராத்திய அரசு 1855இல் முடிவுற்ற பிறகு, அந்த அரண்மனை ஆயுதசாலையில் இருந்த கட்டாரிகள் கலைந்து போய், அவற்றுள் சில கடல் கடந்த அருங்காட்சியகங்களிலும் இடம் பெற்றன. கைக்கு மேலே பாய்போல் விரிந்து, யாளி முகமும் துளைச் சித்திரமுமாக நிற்கும் அந்தக் கட்டாரிகளை உற்றுப் பார்த்தவர்கள் ஒரு செய்தியைக் கண்டிருக்கிறார்கள்: அவற்றுள் பலவற்றின் அலகு ஐரோப்பாவிலிருந்து வந்த வாளின் துண்டு. பறங்கியரின் நீண்ட வாளை நறுக்கி, நம் ஊர்ப் பிடியில் பொருத்தி, புதியதொரு ஆயுதமாக ஆக்கியிருக்கிறார்கள். பழைய ஆயுதம் ஒன்றிலிருந்து, வேண்டியவரின் விருப்பத்துக்கு ஏற்ப வேறொன்றைப் படைக்கும் பழக்கம் நம் கொல்லருக்குப் புதியதன்று.

வாளுக்கு இடமில்லாமல் போன அதே காலத்தில், உருக்கு லண்டனில் ஒரு பேனாக்கத்தியாகப் பிறந்தது. பம்பாயில் வைத்தியராக இருந்த ஹெலனஸ் ஸ்காட் 1794இல் சில கட்டிகளை ராயல் சங்கத்தின் தலைவர் ஜோசப் பாங்க்ஸுக்கு அனுப்பி வைத்தார். அவற்றை ஆராய்ந்து ஜார்ஜ் பியர்சன் 1795இல் சங்கத்தில் ஒரு கட்டுரை வாசித்தார். அந்த ஆராய்ச்சியின்போது ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்னும் லண்டன் கத்தித் தொழிலாளி ஒரு கட்டியை அடித்து, தோய்ச்சல் கொடுத்து, பேனாக்கத்தி ஒன்றைச் செய்து காட்டினார். அது எழுப்பிய மதிப்பு சாமான்யமானதன்று. ரண சிகிச்சைக் கருவிகளும் சவரக் கத்திகளும் இந்திய உருக்கிலேயே செய்வதாகவும், ஐரோப்பாவின் மிகச் சிறந்த உருக்கைவிட அதையே தாம் விரும்புவதாகவும் ஸ்டோடார்ட் தம் வியாபாரச் சீட்டில் அச்சிட்டுக்கொண்டார். கொல்லர் ஒருவரின் மகனான மைக்கேல் ஃபாரடே அவரோடு சேர்ந்து, அந்த உருக்கின் இரகசியத்தைத் தேடியே 1820லும் 1822லும் உருக்குக் கலவைகளைப் பற்றிய ஆராய்ச்சிகளை வெளியிட்டார். மின்சாரத்தின் தந்தை என்று நாம் போற்றும் அப்பெரியாரின் இளமை உழைப்பில் ஒரு பகுதி, பெயர் தெரியாத நம் உலைக்காரர்களின் கட்டியைப் புரிந்துகொள்வதிலேயே கழிந்திருக்கிறது. அதே இரகசியத்தைத் தேடிப் பாரிஸ் நாணயசாலையில் பிரெயாங் என்பவர் முந்நூறுக்கு மேற்பட்ட சோதனைகள் செய்தார். யூரல் மலையில் ஸ்லாடவுஸ்ட் நகரில் அனோஸோவ் என்பவர் பல ஆண்டு உழைத்து 1841இல் அந்த உருக்கைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார்.

ஐரோப்பியக் கொல்லர்களை இந்த உருக்கு வெகுவாகச் சோதித்தது. தங்கள் இரும்பை வெள்ளை நிறம் வரும்வரை காய்ச்சி அடித்துப் பழகியவர்கள், இதையும் அப்படியே காய்ச்சி ஓர் அடி அடித்ததும் அது பொடிப் பொடியாக உதிர்ந்தது. கரிச்சத்து நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு வரை ஏறிய உருக்குக்கு அத்தனை வெப்பம் ஆகாது. செந்நிறத்திலேயே எடுத்து, மெல்ல மெல்லத் தட்டி, நிறம் மங்கியதும் நிறுத்தி, மீண்டும் உலையில் வைக்க வேண்டும். அவசரக்காரருக்கு வளைந்து கொடுக்காத உலோகம் இது.

இனி, என் மனத்துக்கு மிகவும் உகந்த பகுதிக்கு வருகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சேலத்தில் அருணாசலம் என்னும் கைதேர்ந்த தொழிலாளி ஒருவர் இருந்தார். சென்னை ராஜதானியில் காட்டிலும் மலையிலும் வேட்டையாடித் திரிந்த ஆங்கில அதிகாரிகளுக்கு அவர் செய்து கொடுத்த வேட்டைக் கத்திகளும், பன்றி வேட்டைக்கான ஈட்டி முனைகளும் பெரும் கீர்த்தி பெற்றன. அலகின் மேல் தம் பெயரையும் சேலம் என்னும் ஊர்ப் பெயரையும் ஆங்கில எழுத்தில் பொறித்து விற்றார். அக்காலத்துத் தென்னாட்டுக் கைத்தொழிலாளர் எத்தனையோ ஆயிரம் பேர் தம் பெயரை எங்கும் விட்டுச் செல்லாமல் மறைந்திருக்க, தாம் செய்த பொருளில் தம் பெயரைப் பதித்து, அந்தப் பெயருக்காகவே அதை வாங்கும்படி செய்த ஒருவர் இவர். ஷெபீல்டிலிருந்து கப்பல் கப்பலாகக் கத்தி வந்து இறங்கிய நாட்களில், அந்த ஷெபீல்டின் நாட்டவரே சேலத்துக் கத்திக்குச் சொல்லி அனுப்பினார்கள் என்றால் அதன் தரத்துக்கு வேறு அத்தாட்சி தேவையில்லை. இன்றும் மேல்நாட்டில் பழைய ஆயுதங்களைச் சேகரிப்போர் அந்தப் பெயர் பொறித்த கத்தியைக் கண்டால் விடுவதில்லை. சேலத்துக்காரர்களில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்?

அதே மாவட்டத்துக் கஞ்சமலையின் காந்த இரும்புத் தாதைப் பார்த்து மயங்கியவர் முன்னே சொன்ன ஹீத். கம்பெனி உத்தியோகத்தை விட்டு, 1830இல் பரங்கிப்பேட்டையில் ஆங்கில முறையில் ஓர் இரும்பாலையைத் தொடங்கினார். விறகுக் கரியையே நம்பிய அந்த ஆலை காடுகளைத் தின்றும் நிமிரவில்லை; சில பத்தாண்டுகள் தள்ளாடி மூடப்பட்டது. ஆலையும் நிலைக்கவில்லை; சுற்றியிருந்த சிற்றுலைகளும் நிலைக்கவில்லை. மலிவான சீமை இரும்பு ரயிலில் ஏறி உள்ளூர்ச் சந்தை வரை வந்த பின், கரி சுட்டு, மூசை பிசைந்து, துருத்தி ஊதிக் கையளவு கட்டி எடுக்கும் தொழிலுக்குக் கூலி கட்டவில்லை. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அது ஏறக்குறைய அற்றுப் போயிற்று.

அற்றுப் போன பின்னும் விஞ்ஞானிகளின் ஆவல் தணியவில்லை. ஹென்றி மோசர் என்னும் சுவிஸ் யாத்திரிகர் சேகரித்துப் பெர்ன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்த வாள்களிலிருந்து சில துண்டுகளை வெட்டி, சோக்கே என்பவர் 1924இல் ஆராய்ந்தார். அவற்றின் மிச்சமே பல ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் அயோவா மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் வெர்ஹோவனிடம் வந்து சேர்ந்தது. அவருக்குத் துணையாக வாய்த்தவர் ஆல்ஃப்ரட் பெண்ட்ரே, ஃபுளோரிடாவில் குதிரைக்கு லாடம் அடிப்பதைத் தொழிலாகக் கொண்டு, கத்தி செய்வதில் தீராக் காதல் வைத்திருந்தவர். இருவகை உருக்கை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒட்டி மடித்து வரி காட்டும் வேறொரு முறையை, பில் மோரன் 1973இல் தம் நாட்டுக் கத்தித் தொழிலாளர் கண்காட்சியில் வைத்து மீண்டும் பரவச் செய்திருந்தார். பெண்ட்ரேக்கு அது போதவில்லை. ஒரே கட்டியிலிருந்து வரி தானாகவே எழும் பழைய உருக்குத்தான் அவருக்கு வேண்டியிருந்தது.

அவர் பட்டறையில் மூசைக்குள் இரும்பும் கரியும் கண்ணாடித் தூளும் பச்சை இலையும் இட்டு அடைத்தார். நெருப்பு மட்டும் எரிவாயுவினுடையது. மெல்ல ஆறவைத்த கட்டியைச் செந்நிறத்தில் காய்ச்சி, சிறிது நீட்டி, மறுபடி காய்ச்சி, மறுபடி நீட்டி, இப்படிப் பல பத்து முறை செய்த பிறகே ஒரு பட்டையாக அது படிந்தது. கரிச்சத்து மிகுந்த கடினமான துகள்கள் அந்த ஒவ்வொரு சூட்டிலும் சிறிது சிறிதாக இடம் மாறி, வரிசை வரிசையாக அணிவகுத்து நிற்கின்றன; அந்த வரிசையே வரி. பழைய பாரசீக வாள்களில் ஏணிப்படி போலக் குறுக்கே விழும் வரியைக் காண, பட்டையின் இரு முகங்களிலும் அரத்தால் குறுக்குப் பள்ளங்கள் எடுத்து, பின் அதைச் சமமாகும்வரை அடித்தார். பள்ளத்தின் அடியில் கிடந்த வரி மேலேறி வளைந்தது. பின் உருவம் ராவி, தோய்ச்சல் கொடுத்து, உப்புத்தாளால் படிப்படியாக மெருகேற்றுவார்கள். அதுவரை அலகு வெறும் கண்ணாடி போன்ற பளபளப்பாகவே இருக்கும். முன்னாளில் அன்னபேதி முதலியவற்றைக் கரைத்துத் தடவினார்கள். இப்பொழுது வேறு திராவகம். தடவிய சில நிமிஷத்தில் மென்மையான இரும்பு கறுக்க, கடினத் துகள்கள் வெள்ளியாய்த் தனித்து நிற்க, அலகு முழுவதும் நீரோட்டம் போன்ற வரி வெளிப்படும்.

ஆயினும் ஒரு கட்டியில் வரி வரும், அடுத்த கட்டியில் வராது. காரணம் தேடிய இருவரும் 1998இல் தம் முடிவை வெளியிட்டார்கள். தாதிலேயே இயற்கையாகக் கலந்துவந்த வனேடியம் போன்ற உலோகங்கள், பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்னும் அற்ப அளவில் இருந்தால் போதும், வரி அமைகிறது. இல்லையென்றால் எவ்வளவு கெட்டிக்காரன் அடித்தாலும் அமைவதில்லை. அத்தகைய தாது கிடைத்த இடங்கள் தீர்ந்துபோனதும், செய்முறை மாறாமலே பலன் மாறி, மகனுக்குத் தந்தை சொல்லிக் கொடுக்க ஒன்றும் இல்லாமல் கலை அறுந்திருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள். இது பொருத்தமான விளக்கமே. ஆனால் நம் நாட்டைப் பொறுத்தவரை, ஆயுதத் தடையும் சீமை இரும்பும் கரி விலையும் சேர்ந்து உலையை அவித்ததை அந்த விளக்கத்தோடு கூட்டிச் சொல்லாவிட்டால் கதை பாதியாகவே நிற்கும். தாது தீர்ந்ததால் மட்டும் ஒரு தொழில் சாவதில்லை. வாங்குவோரும் தீர்ந்ததால்தான் சாகிறது.

இப்போது வாங்குவோர் இருக்கிறார்கள். பழைய வாளின் வரியோடு ஒரு வேட்டைக் கத்தியோ சமையற்கத்தியோ வேண்டுமென்று, சொல்லிவைத்து மாதக்கணக்காய்க் காத்திருப்பவர்கள் உலகெங்கும் உண்டு; செய்து கொடுப்பவர்களும் அமெரிக்காவிலும் ரஷ்யாவிலும் ஐரோப்பாவிலும் உண்டு. கஞ்சமலை அதே இடத்தில் நிற்கிறது. ஆவாரையும் எருக்கும் வழியெங்கும் வளர்கின்றன. அரிவாளும் அரிவாள்மணையும் அடிக்கும் கொல்லர்கள் நம் ஊர்களில் இன்னும் உலையை அணைத்துவிடவில்லை. உலோகவியல் கற்பிக்கும் கல்லூரிகளும் நம்மிடம் இருக்கின்றன. இவர்களை ஓரிடத்தில் கூட்டி, கொடுமணலிலும் மேல்சிறுவளூரிலும் கிடைத்த மூசைகளைப் பார்த்து மூசை பிசைந்து, சேலத்துத் தாதிலிருந்தே ஒரு கட்டி எடுத்து, அதை ஒரு கத்தியாக அடித்து முடிக்கும் முயற்சியைச் சேலத்திலேயே தொடங்க வேண்டும் என்று அம்மாவட்டத்துக் கல்விமான்களையும் தொழிலதிபர்களையும் வேண்டிக்கொள்கிறேன். முதல் கத்தி முடிந்ததும், அதை அடித்த தொழிலாளியின் பெயரை, அருணாசலம் செய்தது போலவே, அலகின்மேல் பொறித்துவிடுங்கள். இம்முறை தமிழ் எழுத்திலேயே பொறியுங்கள்.